வகுப்பு நேரத்தில் மட்டும் வைஃபை ஏன் விட்டுப்போகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ரூட்டர் கீழ்வீட்டு ஹாலில், என் கம்ப்யூட்டர் மாடி அறையில். கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது என்பதால் யூஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிள் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரே தொல்லை. வகுப்பு தொடங்கிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் இணைப்பு போய்விடுகிறது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் தானாக வருகிறது, மறுபடியும் போகிறது. காலையில் சும்மா வீடியோ பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. சிக்னல் கோடுகளும் முழுசாகத்தான் தெரிகின்றன. கடைக்காரர் டாங்கிள் கெட்டுவிட்டது என்று வேறு கொடுத்தார், அதுவும் இப்படித்தான். கம்ப்யூட்டரே பழசாகிவிட்டதோ என்னவோ, மவுஸ்கூட வகுப்பு நேரத்தில் திக்கித் திக்கி நகர்கிறது. உள்ளே இடம் போதாமல், வகுப்புகளைப் பதிந்து வைக்க ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வேறு வாங்கி மாட்டியிருக்கிறேன். தம்பி ரூட்டரை மாற்றச் சொல்கிறான். பெற்றோர் இரண்டு பேர் கூப்பிட்டு, "டீச்சர், பாதிக் கணக்கு பிள்ளைக்குக் கேட்கவே இல்லையாம்" என்றார்கள். நான் எதைத்தான் மாற்றுவது?
ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். மூன்றாவது டாங்கிள் வேண்டாம், புது ரூட்டரும் வேண்டாம். அடுத்தடுத்து வாங்கிய இரண்டு டாங்கிள்கள் ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். ஒரே இடத்தில் செருகியதால் இரண்டுமே ஒரே மாதிரி திணறுவதுதான் நான் வேலைக்குப் போகும் இடங்களில் அடிக்கடி பார்ப்பது.

காரணத்துக்கு வருவதற்கு முன் இன்றைக்கு மாலை வகுப்பைக் காப்பாற்றிவிடுவோம். உங்கள் ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். போனோடு வந்த சார்ஜ் ஒயரை எடுத்துப் போனைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் பகுதியிலேயே 'யூஎஸ்பி டெதரிங்' என்று ஒன்று இருக்கும். டாங்கிளைக் கழற்றிவிட்டு அதை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையைப் பிடித்து ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், டாங்கிள் செய்கிற வேலையைப் போன் செய்யும். சில மலிவான ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், அவற்றில் இது நடக்காது. அதனால்தான் போனோடு வந்த ஒயரைச் சொன்னேன். போனை சிபியூவுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஒயர் எட்டும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். பிள்ளைகளுக்கு இன்றைக்குக் கணக்கு முழுசாகக் கேட்கட்டும். மற்றதை நாளைக் காலையில் நிதானமாகப் பார்க்கலாம்.

சரி, இப்போது காரணம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்களில்தான் என் கண் நின்றது. ஒன்று மவுஸ் திக்குவது, இன்னொன்று ஹார்டு டிஸ்க். மவுஸ் ஒயர் இல்லாத மவுஸாகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு யூஎஸ்பி துண்டு செருகியிருப்பீர்கள். அந்த மவுஸும் உங்கள் டாங்கிளும் காற்றில் ஒரே அலைவரிசைப் பட்டையில்தான் பேசுகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில் திணறுகின்றன என்றால் கோளாறு மவுஸிலும் இல்லை, டாங்கிளிலும் இல்லை. இரண்டுக்கும் பக்கத்தில் ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது.

அந்த ஏதோ ஒன்று உங்கள் ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம் என்பது என் பலமான சந்தேகம். டிஸ்க்கைக் குறை சொல்லவில்லை, அது நல்ல டிஸ்க்தான். சிபியூவின் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி துளைகளில் சிலவற்றின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு கறுப்பாக இருக்கும், சிலவற்றில் நீலமாக இருக்கும். நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அதில் ஒரு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும். அவ்வளவு வேகமாக மின்துடிப்பு ஏறி இறங்கும்போது செருகுமுனையிலிருந்தும் ஒயரிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அந்தக் கசிவு பரவும் அகலத்துக்குள்ளேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் வந்துவிடுகிறது. இது என் ஊகம் இல்லை. இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து பார்த்து, யூஎஸ்பி 3 இரைச்சல் பக்கத்தில் உள்ள வயர்லெஸ் மவுஸையும் வைஃபையையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. தள்ளி வைப்பதும் கவசம் போடுவதும்தான் அதில் சொன்ன மருந்து.

சிக்னல் கோடுகள் முழுசாக இருக்கும்போது எப்படி இணைப்பு போகும் என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நீங்கள் நிற்கிறீர்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று உங்கள் தம்பி கூப்பிடுகிறான். அவன் குரல் கொஞ்சமும் குறையவில்லை, தொண்டை கிழியத்தான் கூப்பிடுகிறான். உங்கள் காதில்தான் விழவில்லை. சிக்னல் கோடு காட்டுவது தம்பியின் குரல் எவ்வளவு பலம் என்பதை. ஒலிபெருக்கியின் சத்தத்தை அது காட்டாது.

ரூட்டர் சும்மா இருக்கும்போதும் நொடிக்குப் பத்து முறை போல 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சின்னக் குறிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். டாங்கிள் அதைக் கேட்டபடி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை. வரிசையாகப் பல குறிப்புகள் காதில் விழாவிட்டால், ரூட்டர் போய்விட்டது என்று டாங்கிள் முடிவு செய்து இணைப்பை விட்டுவிடும். அப்புறம் எல்லாச் சேனலையும், அதாவது பட்டைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளையும், தேடி, ரூட்டரைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டு சரிபார்த்து, முகவரி வாங்கி மறுபடி இணைய வேண்டும். இரைச்சல் நடுவில் இதெல்லாம் ஒரே முயற்சியில் நடக்காது. நீங்கள் சொன்ன அந்த அரை நிமிடம், ஒரு நிமிடம் அங்கேதான் போகிறது.

இதை நீங்கள் நம்பிவிட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கணக்கு டீச்சருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. காலைக்கும் மாலைக்கும் நடுவே இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன. மாலையில் பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கும், அது ஒன்று. மாலையில்தான் வகுப்புப் பதிவு டிஸ்க்கில் எழுதப்படும், அது இன்னொன்று. இரண்டில் எது என்று தெரிய, இரண்டையும் பிரிக்க வேண்டும். தெரு அமைதியாக இருக்கும் காலை நேரத்திலேயே டிஸ்க்கை ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலையில் டாங்கிளைப் பழையபடி செருகுங்கள். டிஸ்க் தன் இடத்திலேயே இருக்கட்டும். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். வரும் வரிகளில் 'டிஃபால்ட் கேட்வே' என்பதற்கு எதிரே இருக்கும் எண்தான் உங்கள் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 என்று இருக்கும். இப்போது பிங் (ping) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைத் தட்டி, இன்னோர் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் டி எழுத்தும் (-t) சேர்த்து என்டர் அடியுங்கள். அந்த முகவரியை 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று நொடிக்கு ஒரு வரி ஓட ஆரம்பிக்கும். இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து அதே மாதிரி 8.8.8.8 என்ற எண்ணுக்கும் ஓடவிடுங்கள். அது கூகுளின் பொது முகவரி, உங்கள் வீட்டுக்கு வெளியே இருப்பது. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டருக்கு ஓடும் ஜன்னலில் ஒவ்வொரு வரியிலும் டைம் என்று இருக்கும். நல்ல இணைப்பில் அது 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று சின்ன எண்ணாகவே போகும். ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெரிய கோப்பை, இரண்டு மூன்று பழைய வகுப்புப் பதிவுகளைச் சேர்த்தாலே போதும், அந்த டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். டிஸ்க்கின் விளக்கு மினுக்கத் தொடங்கும்போது கறுப்பு ஜன்னலைக் கவனியுங்கள். 3, 3, 4 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 180, 640, 912 என்று தாவுகிறதா? நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வருகிறதா? கடைசியில் 'ஜெனரல் ஃபெய்லியர்' என்று வரிசையாக விழுகிறதா? காப்பி முடிந்ததும் பழையபடி 3, 4 என்று தணிகிறதா? அப்படியானால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மவுஸையும் அந்த நேரத்தில் அசைத்துப் பாருங்கள்.

டைம்ட் அவுட் என்பதும் ஜெனரல் ஃபெய்லியர் என்பதும் ஒன்றல்ல. முதலாவது, கேள்வி போனது, பதில் வந்து சேரவில்லை என்பது. இரண்டாவது, கேள்வியை அனுப்பவே வழியில்லை, டாங்கிள் ரூட்டரைவிட்டுப் பிரிந்துவிட்டது என்பது. முதலில் டைம்ட் அவுட் சில, பிறகு ஜெனரல் ஃபெய்லியர் என்ற வரிசையில் வந்தால் காது அடைத்துப் பிரிந்தது என்று பொருள். டைம்ட் அவுட்டே இல்லாமல், 3, 3, 3 என்று போய்க்கொண்டிருந்தது நேராக ஜெனரல் ஃபெய்லியரில் விழுந்தால், இரைச்சல் மேல் எனக்குச் சந்தேகம் குறையும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதே கதை. ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது நெட் போகும், வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார். கடைக்காரர் எல்லார் பென் டிரைவிலும் வைரஸ் என்று நினைத்துவிட்டார், ஏனென்றால் யாராவது பென் டிரைவ் கொண்டுவந்தால்தான் நெட் போனது. இரண்டு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தார். நான் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சும்மா பார்த்தேன். எல்லாப் பென் டிரைவுக்கும் போகவில்லை, சிலவற்றுக்கு மட்டும்தான் போனது. அந்தச் சிலவற்றின் வாயைப் பார்த்தால் உள்ளே நீலம். சிபியூவின் முன்பக்கத்தில் இரண்டு துளைகள் ஒட்டி ஒட்டி, ஒன்றில் டாங்கிள், விரல் அகலம் தள்ளி மற்றதில் பென் டிரைவ். டாங்கிளை ஒரு மீட்டர் ஒயரில் தூக்கி மேஜை மேல் வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு முறைகூட நெட் போகவில்லை. அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். கடையில் 'யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள்' என்று கேளுங்கள், ஒரு முனை ஆண், மறுமுனை பெண். யூஎஸ்பி 2 ரகமே போதும், ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர். ஐந்து மீட்டருக்கெல்லாம் போக வேண்டாம், நீளம் கூடினால் மின்சாரம் வழியில் குறைந்து வேறு தொல்லை வரும். அதைக் கறுப்புத் துளையில் செருகி, டாங்கிளை மறுமுனையில் மாட்டி, மேஜையின் மேல் பக்கத்தில், மாடிப்படி இருக்கும் திசையில் வையுங்கள். இப்போது அது எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இரும்புப் பெட்டியின் முதுகில், சுவருக்கு நாலு விரல் இடைவெளியில். கீழ்வீட்டிலிருந்து வரும் சிக்னல் காங்கிரீட் தளத்தைத் தாண்டி, அந்த இரும்பையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பக்கத்தில் பீரோ இருந்தால் அதுவும் சேர்ந்து மறைக்கும். இரைச்சலே இல்லாவிட்டாலும் டாங்கிளுக்கு அது நல்ல இடம் இல்லை.

டிஸ்க்கை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வையுங்கள். இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. டிஸ்க்கின் ஒயரை நீலத் துளையிலிருந்து எடுத்துக் கறுப்புத் துளையில் செருகிவிடுங்கள். அது யூஎஸ்பி 2 வேகத்தில் ஓடும். அந்த 5 கிகாபிட் ஓட்டமே இருக்காது, அதனால் வரும் இரைச்சலும் இருக்காது. காப்பி செய்ய நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் ஒரு மணி நேர வகுப்பைப் பதிய அந்த வேகமே தாராளம். காசே செலவில்லாத இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டு, அப்புறம் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கப் போகலாம். இரண்டும் செய்வது நல்லது.

பிங் சோதனையில் நான் சொன்னபடி வராவிட்டால்?

ரூட்டருக்கு ஓடும் ஜன்னல் 3, 4 என்று அமைதியாகப் போய்க்கொண்டிருக்க, 8.8.8.8 ஜன்னல் மட்டும் நின்றுபோனால், டாங்கிளையும் கம்ப்யூட்டரையும் விட்டுவிடுங்கள். ரூட்டருக்கு அப்பால், தெருவிலிருந்து வரும் லைனில் கோளாறு. இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "ரூட்டருக்குப் பிங் வருகிறது, வெளியே போகவில்லை, மாலை 6.20க்கும் 6.41க்கும் போனது" என்று நிமிடத்தோடு சொல்லுங்கள். அடிக்கடி நெட் போகிறது என்று மட்டும் சொன்னால், ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதில்தான் வரும். நேரம் குறித்துச் சொன்னால் அவர்களாலும் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டு ஜன்னலுமே நிற்காமல் வகுப்பு மட்டும் உறைந்துபோனால், பெரும்பாலும் நெட்டில் கோளாறு இல்லை. பழைய கம்ப்யூட்டர் வீடியோவையும் பதிவையும் ஒன்றாகச் சுமக்க முடியாமல் திணறுகிறது. அப்போது பதிவின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஜெனரல் ஃபெய்லியரில் நேராக விழும் கேஸுக்கு வருகிறேன். பென் டிரைவைக் கழற்றும்போது கம்ப்யூட்டர் இரண்டு சுரத்தில் ஒரு சின்ன மணி அடிக்குமே, அதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இணைப்பு போகும் அந்த நொடியில், யாரும் எதையும் தொடாமலே அந்த மணி அடிக்கிறதா? வகுப்பில் நீங்கள் ஹெட்போன் மாட்டியிருப்பதால் பிள்ளைகளின் குரலோடு குரலாக அது கவனத்தில் பட்டிருக்காது. அடித்தால், டாங்கிள் கம்ப்யூட்டரைவிட்டே விழுந்து எழுகிறது. ரேடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்சாரம் போதவில்லை, அல்லது துளை தளர்ந்துவிட்டது, அல்லது டாங்கிள் சூடேறிவிட்டது.

யூஎஸ்பி 2 துளை ஒன்று 500 மில்லிஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது விதி. வெளி ஹார்டு டிஸ்க்கும் தன் மோட்டாரைச் சுற்ற அங்கேதான் மின்சாரம் எடுக்கிறது. இரண்டையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில், அதாவது ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டியில், மாட்டியிருந்தால் முதலில் ஹப்பை எடுத்துவிடுங்கள். முன்பக்கத் துளைகள் பெட்டிக்குள் ஓர் ஒயரில் போய் மதர்போர்டில் சேர்கின்றன, பழைய பெட்டிகளில் அந்த ஒயர் ஆட்டம் கண்டிருக்கும். பின்பக்கத் துளைகள் நேராக மதர்போர்டிலேயே இருப்பவை. அதனால் எப்போதும் பின்பக்கம்தான். டாங்கிளைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள், மணி அடித்தால் அந்தத் துளை வேண்டாம். டிஸ்க்கைக் கறுப்புத் துளைக்கு மாற்றிய பிறகு அது விட்டு விட்டுச் சுற்றுவது போல் கிர்ரென்று ஓசை வந்தாலும் மின்சாரக் குறைவுதான். உடனே பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள், பதிவுகள் கெட்டுவிடக் கூடாது.

மின்சேமிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க டாங்கிளைத் தூங்கவைக்கும், சில டாங்கிள்கள் சரியாக விழிக்காது. உண்மைதான், பல வீடுகளில் இதுதான் காரணம். ஆனால் தூக்கம் வருவது வேலை இல்லாதபோது. உங்களுக்கோ வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது போகிறது, சும்மா இருக்கும்போது போகவில்லை. அதனால் உங்கள் விஷயத்தில் இதை நான் பின்னால் தள்ளினேன். இருந்தாலும் இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதற்குக் கீழே டாங்கிளின் பெயரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ். பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதையும் டிசேபிள் செய்யுங்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் இதனால் கரண்ட் பில் ஏறிவிடாது.

டிரைவர், அதாவது டாங்கிளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள் விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. 'உங்கள் டிரைவர் எல்லாம் பழசாகிவிட்டது, இங்கே கிளிக் செய்யுங்கள்' என்று வரும் எந்த மென்பொருளையும் இறக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் போன் எண் எல்லாம் இருக்கும். தேவைப்பட்டால் டாங்கிள் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பெட்டியின் மேல் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், அடியில் அச்சிட்ட பதிப்பு எண்ணையும் பார்த்து எடுக்க வேண்டும். விண்டோஸ் தானாக அப்டேட் ஆன மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்திருந்தால், அதே பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' என்று இருக்கும், அதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். உங்களுக்குத் தொல்லை ஆரம்பித்த வாரத்தில் வந்தது அப்டேட்டா, ஹார்டு டிஸ்க்கா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஸ்க் வாங்கிய பில்லில் தேதி இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இனி ரூட்டர். தம்பி சொன்னதை நான் ஒதுக்கவில்லை, ஆனால் மாற்றுவதற்கு முன் சரிசெய்யலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். தெருவில் பத்து வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றைத்தான் பங்கு போடுகின்றன. போனில் வைஃபை அனலைசர் என்ற வகையில் ஏதாவது ஒரு செயலியைப் போட்டு, மாலை ஆறரை மணிக்கு மாடி அறையில் நின்று பாருங்கள். எந்தச் சேனலில் கூட்டம் குறைவோ அதை ரூட்டரில் நிலையாக வைத்துவிடுங்கள். ஆட்டோ என்று விட்டால் சில ரூட்டர்கள் கூட்டம் கூடும் நேரத்தில் தாமே சேனல் தாவும், தாவும்போது எல்லாருடைய இணைப்பும் ஒரு முறை அறுபடும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 என்பது காகிதத்தில் வேகம், கூட்டத்தில் சண்டை.

உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் தரும் ரகமாக இருந்தால், இரண்டு பட்டைக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். யூஎஸ்பி 3 இரைச்சல் முக்கியமாகக் கெடுப்பது 2.4ஐத்தான். 5க்குப் போய்விட்டால் இந்தத் தலைவலியும் மைக்ரோவேவ் அடுப்பின் தலைவலியும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சின்ன விலை டாங்கிள்கள் பலவற்றில் 5 கிடையாது, 'டூயல் பேண்ட்' என்று போட்டிருந்தால்தான் உண்டு. அடுத்து, 5 கிகாஹெர்ட்ஸ் காங்கிரீட் தளத்தைத் தாண்டுவதில் 2.4ஐவிட பலவீனம். வாங்குவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். போனை அந்த 5 பெயரில் இணைத்து, மேஜையில் வைத்து ஒரு வகுப்பு நேரம் முழுக்க ஓடவிடுங்கள். போன் தாக்குப்பிடிக்காத இடத்தில் டாங்கிளும் தாக்குப்பிடிக்காது. ரூட்டரில் 5க்குச் சேனல் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 36 முதல் 48 வரை உள்ள ஒன்றை வையுங்கள். நடுவில் இருக்கும் சில சேனல்கள் ராடாரும் பயன்படுத்துபவை. ராடார் அலை கேட்டதாக ரூட்டருக்குத் தோன்றினால் அது உடனே சேனலைவிட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. அப்போதும் உங்கள் வகுப்பு அறுபடும்.

ரிப்பீட்டர் வாங்கிப் படிக்கட்டில் மாட்டு என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. பல ரிப்பீட்டர்கள் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். உங்கள் பிரச்சினை தூரம் இல்லை, கோடுகள் முழுசாக இருக்கின்றன.

இன்னொரு யோசனை, இது மனப்பூர்வமாகச் சொல்வது. இந்த வகுப்பு உங்கள் வருமானம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. அப்படிப்பட்ட வேலையைக் காற்றை நம்பி விட எனக்கு மனம் வராது. கீழ்வீட்டு ரூட்டரிலிருந்து மாடி அறைக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால், போன் ஜாக்கைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு சதுரத் துளை இருக்கும், அதில் செருக வேண்டியது. இந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். உங்கள் வீட்டுக்கு இருபது மீட்டர் தேவைப்பட்டாலே அதிகம். கடையில் 'கேட் 6' (Cat 6) ரக ஒயர் என்று கேளுங்கள், 'முழுச் செம்பா' என்று அழுத்திக் கேளுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே பெயரில், அதே நிறத்தில் விற்கிறது. மாடிக்குக் கேபிள் டிவி ஒயர் வந்த ஓட்டை இருந்தால் அந்த வழியே கொண்டுவரலாம், சுவரை உடைக்க வேண்டாம். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் விடச் சொல்லாதீர்கள், எலக்ட்ரீஷியன் சுலபமாக இருக்கிறது என்றாலும். மூன்றாவது டாங்கிளுக்கு ஒதுக்கி வைத்த பணமே இதற்கு ஏறக்குறையப் போதும்.

ஒயர் இழுக்க ஆள் வரும் வரை டிஸ்க்கைக் கறுப்புத் துளையில் மாட்டி, டாங்கிளை மேஜை மேல் வைத்து வகுப்பை நடத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். நாளைக்கு டிஸ்க் இடம் மாறட்டும், மறுநாள் டாங்கிள் இடம் மாறட்டும், அதற்கடுத்த நாள் ரூட்டர் சேனல். எதனால் சரியானது என்று தெரிந்தால்தான், மறுபடி வரும்போது நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். மேஜையில் ஒரு தாள் வைத்து, இணைப்பு போகும் நேரத்தை மணி நிமிடத்தோடு குறித்து, பக்கத்தில் டிஸ்க் விளக்கு மினுக்கியதா, மவுஸ் திக்கியதா, மணி அடித்ததா என்று எழுதுங்கள். நான்கு வகுப்புக்கு எழுதினால் போதும். அதற்குப் பிறகும் தொல்லை தீரவில்லை என்றால் அந்தத் தாளையும், பிங் ஜன்னலைப் போனில் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அந்த எண்களைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.